இவெத் கில்பெர லோத்ரெக் ஏன் அப்படி வரைஞ்சாரு?

உங்க கேள்விய நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒரு தடவ சொல்லிடறேன். பிரான்ஸ்ல கலர் போஸ்டர் தெருவுக்கு வந்த புதுசுல அதுல பேர் வாங்கினவரு துலூஸ்-லோத்ரெக். அவரு 1894ல இவெத் கில்பெர்னு ஒரு பாடகிய வரைஞ்ச படத்த பாத்திருக்கீங்க, அப்புறம் அதே அம்மாவோட பழைய போட்டோவையும் தேடி எடுத்துப் பாத்திருக்கீங்க, ரெண்டுக்கும் ஏணி வச்சாலும் எட்டலன்னு தோணியிருக்கு. போட்டோல ஒல்லியா, கழுத்து நீளமா, லட்சணமா ஒரு இளம்பொண்ணு. படத்துல தாடைய தூக்கிக்கிட்டு உதட்ட இறுக்கிக்கிட்டு ஒரு சூனியக்காரி. இது கேலிப்படமா போர்ட்ரெயிட்டான்னு கேட்டிருக்கீங்க, தன் உடம்புல இருந்த குறைக்கு ஊர் மேல பழி தீத்துக்கிட்டாருன்னு ஒரு வீடியோல சொன்னாங்களே அது நெசமான்னு கேட்டிருக்கீங்க, கேரிகேச்சர் பழகற உங்களுக்கு இதுல இருந்து எடுத்துக்க என்ன இருக்குன்னும் கேட்டிருக்கீங்க. இந்த மூணுக்கும் அடியில ஒரே கேள்விதான் இருக்குன்னு நெனைக்கிறேன். ஒரு ஆள அசிங்கமா போட்டுட்டு அத எப்படி பெரிய ஓவியம்னு சொல்றாங்க, அதானே?

நான் படிச்சது பிரிண்ட்மேக்கிங், கல்லுல அச்சுப் போடற லித்தோகிராஃபி. அப்புறம் பல வருஷம் பத்திரிகைக்கு கேரிகேச்சர் போட்டேன், இப்ப சொல்லித் தர்றேன். லோத்ரெக்கோட அச்சுப் படங்கள் சிலத கண்ணாடிக்கு பின்னாடி நேர்லயே பாத்திருக்கேன், ஆனா நீங்க கேக்கற இந்த ஒரிஜினல் அவரு பொறந்த ஊரான அல்பில, அவரு பேர்ல இருக்கற மியூசியத்துல இருக்கு, அத நான் நல்ல தரமான புத்தகப் பிரதிலதான் பாத்திருக்கேன், அதனால கலர் பத்தி நான் சொல்றத அந்த அளவுக்கே எடுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ண தெளிவு பண்ணிக்கணும், நீங்க பாத்தது முடிச்ச படம் இல்ல. அது ஒரு போஸ்டருக்கான மாதிரி. டிரேசிங் பேப்பர்ல கரிக்கோல்ல வரைஞ்சு, ஆயில் பெயிண்ட்ட டர்பென்டைன்ல நல்லா தண்ணியா கரைச்சு மேல தடவியிருக்காரு. உயரம் 186 சென்டிமீட்டர், அகலம் 93, அதாவது கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரம். போன் ஸ்க்ரீன்ல உள்ளங்கை அளவுல பாக்கறப்ப அந்த மூஞ்சி மட்டும்தான் கண்ண குத்தும், ஆனா அது தெருச் சுவத்துல, குதிரை வண்டி போற தூரத்துல இருந்து பாக்கறதுக்குன்னு யோசிச்ச படம். அந்த தூரத்துல கண்ணுல படறது மூஞ்சி இல்ல, முழங்கைக்கும் மேல ஏறி நிக்கற ரெண்டு கருப்பு கையுறை, பச்சை கவுன், ஆழமா இறங்கற வி கழுத்து, மேல ஒரு ஆரஞ்சு கொண்டை. மூஞ்சி அதுக்கு அப்புறம்தான்.

இந்த அம்மா யாருன்னு தெரிஞ்சா பாதி விஷயம் தானா விளங்கும். 1865 ஜனவரில பாரிஸ்ல பொறந்தவங்க, லோத்ரெக் 1864 நவம்பர், ரெண்டு பேருக்கும் ரெண்டு மாசம்தான் வித்தியாசம். வறுமைல வளந்து, துணிக்கடைல வேலை பாத்து, அப்புறம் கஃபே-கான்செர்ட்னு சொல்ற குடிச்சுக்கிட்டே பாட்டு கேக்கற அரங்குகளுக்கு பாட வந்தாங்க. அங்க மத்த பாடகிங்க எல்லாம் ஜிகுஜிகுன்னு உடுத்திக்கிட்டு, கால தூக்கி ஆடி, கண்ணடிச்சு பாடிக்கிட்டு இருந்தப்ப இவங்க ஒரு சாதா கவுன போட்டுக்கிட்டு நட்ட மரமா நின்னு, பாதி பாட்டு பாதி பேச்சுன்னு ஒரு கதைய சொல்லுவாங்க. கதையோ குடிகாரன், விபச்சாரி, ஏமாந்த புருஷன்னு ஒரே விவகாரம், ஆனா சொல்றவங்க மூஞ்சில ஒண்ணும் தெரியாத பாவம். உடம்பு அசையாது. புருவம், வாய், கை, இவ்வளவுதான் வேலை செய்யும். அந்த கருப்பு கையுறை கூட ஆரம்பத்துல காசு இல்லாததாலதான், வெள்ளைய விட கருப்பு மலிவு, அழுக்கும் தெரியாது, அப்படித்தான் அத போட ஆரம்பிச்சதா பிற்காலத்துல அவங்களே எழுதியிருக்காங்க. மலிவா வந்தது அப்புறம் அவங்களோட முத்திரையா ஆயிடுச்சு.

இங்க ஒரு விஷயத்த கவனிக்கணும், பெரும்பாலான பேரு இத தாண்டிப் போயிடறாங்க. லோத்ரெக் கரிக்கோல எடுக்கறதுக்கு முன்னாடியே இவெத் கில்பெர் தன்னத்தானே ஒரு கேரிகேச்சரா ஆக்கி வச்சிருந்தாங்க. மூஞ்சிக்கு வெள்ளை பவுடர், செக்கச்செவேல்னு உதடு, ஒல்லி உடம்ப இன்னும் ஒல்லியா காட்டற நேர்க்கோட்டு கவுன், கைய பெருசா காட்டற கருப்பு. கடைசி வரிசைல உக்காந்திருக்கறவனுக்கும் தெரியணும்னா எத பெருசு பண்ணணும் எத மறைக்கணும்னு அவங்களே தீர்மானிச்சு வச்சிருந்தாங்க. லோத்ரெக் அதையே இன்னும் ஒரு படி இழுத்தாரு.

அடுத்தது வெளிச்சம். அந்த காலத்து மேடைல முக்கியமான வெளிச்சம் மேடை விளிம்புல வரிசையா வச்ச ஃபுட்லைட்ல இருந்து வரும், அதாவது கீழ இருந்து மேல. நம்ம கண்ணு மூஞ்சிய பாத்துப் பழகினது மேல இருந்து வர்ற வெளிச்சத்துல, சூரியன் மேல, பல்பு மேல. அத தலைகீழா ஆக்கினா தாடையோட அடிப்பக்கம் பளிச்சுனு ஆகும், மூக்குத் துவாரம் தெரியும், கன்னத்து எலும்புக்கு மேல நிழல் ஏறும், புருவத்துக்கு மேல ஒரு கருப்பு விழும், கண்ணு சின்னதாயிடும். நம்பலன்னா இன்னைக்கு ராத்திரி கரண்ட் போறப்ப போன் டார்ச்ச நெஞ்சு உயரத்துல வச்சுக்கிட்டு கண்ணாடில பாருங்க, இருபது வயசுப் பையனுக்கும் அறுபது தெரியும். லோத்ரெக்குக்கு முன்னாடியே தெகாங்கற மூத்த ஓவியர் இந்த கீழ்வெளிச்சத்த பாடகிங்க மூஞ்சில வச்சுப் பாத்துட்டாரு, 1878 வாக்குல அவரு போட்ட கையுறைப் பாடகி படத்துல தொறந்த வாயும் தொண்டையும்தான் முதல்ல வந்து நிக்கும். லோத்ரெக் தெகாவ குருஸ்தானத்துல வச்சிருந்தவரு. அதனால நீங்க சூனியக்காரின்னு பாத்ததுல ஒரு நல்ல பங்கு வெளிச்சத்தோடது, ஸ்டூடியோ போட்டோல அந்த வெளிச்சம் இல்ல, அவ்வளவுதான். மிச்சப் பங்கு கண்டிப்பா லோத்ரெக்கோட கைதான், அத அப்புறம் சொல்றேன்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச சாட்சிக்கு வர்றேன். 1893ல அவரு திவான் ழபோனேன்னு ஒரு அரங்குக்கு போஸ்டர் போட்டாரு. நடுவுல கருப்பு உடைல டான்சர் ழான் அவ்ரில் பார்வையாளரா உக்காந்திருக்காங்க, பக்கத்துல மஞ்சத் தாடியோட எழுத்தாளர் எதுவார் துழார்தான், முன்னாடி ஆர்கெஸ்ட்ரா நடத்தறவரோட கையும் பெரிய பாஸ் வாத்தியத்தோட தலையும். மேல இடது மூலைல மேடை, மேடைல ஒரு பாடகி நிக்கறாங்க, ஆனா அவங்களுக்கு தலையே இல்ல! பேப்பரோட விளிம்பு கழுத்தோட வெட்டிடுது. மேடைல பாடறவங்களோட தலைய வெட்டிட்டு வேடிக்கை பாக்கறவங்கள நடுவுல வச்ச விளம்பரம், இன்னைக்கு எந்த கிளையன்ட்கிட்ட காட்டினாலும் எழுந்து போயிடுவாரு. ஆனா அது யாருன்னு பாரிஸ்காரன் ஒருத்தனுக்கும் சந்தேகம் வந்திருக்காது, ஏன்னா ஒல்லியான அந்த உடம்புக்கு முன்னாடி ரெண்டு கருப்பு கையுறை இருக்கு. ஜாடைங்கறது மூக்குலயும் கண்ணுலயும் மட்டும்தான் இருக்குன்னு நெனைச்சுக்கிட்டு கேரிகேச்சர் பழகறவங்க இந்த ஒரு மூலைய ஒரு மணி நேரம் உக்காந்து பாக்கணும்னு என் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன்.

அடுத்த வருஷம் அத இன்னும் ஒரு அடி தள்ளினாரு. 1894ல இவெத் கில்பெர் மேல ஒரு ஆல்பம் வந்துச்சு, எழுத்து குஸ்தாவ் ழெஃப்ருவா, படம் லோத்ரெக், வெளியிட்டவரு ஆந்த்ரே மார்ட்டி. உள்ள 16 லித்தோகிராஃப், எல்லாம் ஆலிவ் பச்சை மைல, எழுத்துக்குப் பக்கத்துலயே ஓரமா ஓடற மாதிரி. அட்டைப்படத்துல ஆளே கிடையாது. கழட்டிப் போட்ட கருப்பு கையுறை மட்டும் படில தொங்கிக்கிட்டு கிடக்கு. தலைய எடுத்தாச்சு, அடுத்தது உடம்பையும் எடுத்தாச்சு, அப்பவும் அந்த அம்மா அங்க இருக்காங்க. கையுறைக்குள்ள இன்னும் விரல் இருக்கற மாதிரியே அந்த கோடு வளையுது.

அந்த காலத்து போஸ்டர் எப்படி இருந்துச்சுங்கறதையும் கொஞ்சம் சொல்லணும், இல்லாட்டி இவரு செஞ்சது எவ்வளவு துணிச்சல்னு புரியாது. கலர் லித்தோ போஸ்டர ஒரு கலையாவே நிறுத்தினவரு ழூல் ஷெரே, ஆயிரத்துக்கு மேல போட்டவரு, அவரு போஸ்டர்ல வர்ற பொண்ணுங்க எல்லாரும் ஒரே பொண்ணுதான், காத்துல மிதக்கற, சிரிக்கற, கன்னம் சிவந்த பொண்ணு. சாராயமா இருந்தாலும் மண்ணெண்ணெயா இருந்தாலும் அதே சிரிப்பு. நான் ஷெரேய குறை சொல்லல, கல்லுல அந்த கலர் கலவைய கொண்டு வர்றது லேசுப்பட்ட வேலை இல்ல. மூலான் ரூஜ்ங்கற பாரிஸ் நடன அரங்கு 1889ல தொறந்தப்ப அதுக்கும் ஷெரேதான் போஸ்டர். 1891ல அதே மூலான் ரூஜுக்கு லோத்ரெக் தன்னோட முதல் போஸ்டர போட்டாரு, நடுவுல லா கூலூங்கற டான்சர், முன்னாடி அவங்க கூட ஆடற வாலாந்தானோட சாம்பல் நிறத்து நிழலுருவம், அந்த ஆளோட நீட்டின தாடையும் மூக்கும் தொப்பியும். சுமார் 3000 பிரதி ஊரு பூரா ஒட்டினாங்க. பொதுவா ஒரு அழகிய காட்டாம, பேரு சொல்லக்கூடிய ஆள காட்டற போஸ்டர். ஜனங்க நின்னு பாத்தாங்க. அதுக்கப்புறம் பத்து வருஷத்துல சுமார் 30 போஸ்டர் போட்டாரு, ஷெரே கணக்குக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல, ஆனா பேசறது இவர பத்திதான்.

கல்லு வேலை தெரிஞ்சவங்களுக்கு இன்னொண்ணு உடனே புரியும். லித்தோகிராஃபில சுண்ணாம்புக் கல்ல மணல் போட்டு தேய்ச்சு மழமழன்னு ஆக்கி, அது மேல கொழுப்பு கலந்த மைல வரையணும், அப்புறம் கம் அராபிக்கும் ஆசிடும் பூசி, தண்ணி தடவி மை உருட்டினா வரைஞ்ச இடம் மட்டும் மைய பிடிக்கும், மத்த இடம் தள்ளிடும். ஒரு கலருக்கு ஒரு கல்லு. அதனால கலர் கம்மியா, தட்டையா, கோடு தீர்மானமா இருந்தாத்தான் வேலை ஓடும், கன்னத்துல நயமா ஷேட் போட்டுக்கிட்டு இருந்தா கல்லு எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகும். லோத்ரெக் ஷேடுக்கு பதிலா பிரஷ்ஷ மைல முக்கி கல்லு மேல பொடிப்பொடியா தெறிக்க விட்டாரு, அவரு போஸ்டர்ல மணல் தூவின மாதிரி தெரியற இடமெல்லாம் அதுதான். நானும் டூத் பிரஷ்ஷ வச்சு அத பண்ணிப் பாத்திருக்கேன், கட்டைவிரல் எவ்வளவு அழுத்துதுங்கறதுலதான் எல்லாமே இருக்கு, கொஞ்சம் ஏமாந்தா மழை பேஞ்ச மாதிரி ஆயிடும். சொல்ல வர்றது என்னன்னா, மூஞ்சிய நாலஞ்சு கோட்டுல முடிக்கணுங்கறது அவரோட குறும்பு மட்டும் இல்ல, அந்த தொழிலோட நெருக்கடியும்தான். நாலஞ்சு கோட்டுல ஒரு குறிப்பிட்ட ஆள காட்டணும்னா அவங்ககிட்ட மத்தவங்ககிட்ட இல்லாதது எதுவோ அத மட்டும்தான் வைக்க முடியும். அப்ப எப்படி மூக்கு நீளாம இருக்கும்?

ஜப்பான் அச்சுப் படங்கள அவரு சேத்து வச்சிருந்தாரு, அந்த பாதிப்பும் உறுதியானது. ஷராகுன்னு ஒருத்தரு 1794, 95ல பத்து மாசம் போல மட்டும் கபுகிங்கற ஜப்பான் நாடகத்து நடிகர்கள வரைஞ்சாரு, மேக்கப்புக்கு பின்னாடி இருக்கற நடிகனோட சொந்த மூக்கு, சுருக்கம், வயசு எல்லாத்தையும் சேத்து. பொம்பள வேஷம் போட்ட ஆம்பள அதுல ஆம்பளையாவே தெரிவான். சரியா நூறு வருஷம் கழிச்சு இவெத் கில்பெர் படத்த பக்கத்துல வச்சுப் பாத்தா ரெண்டும் ஒரே வம்சம்னு சொல்லத் தோணும். ஷராகுவோட இந்த நடிகர வச்சு இந்த படத்த போட்டாருன்னு குறிப்பா சொல்ல ஆதாரம் கிடையாது, யாராவது அப்படி சொன்னா அத யூகம்னே வச்சுக்கோங்க.

சரி, அந்த அம்மா என்ன சொன்னாங்க? இதுக்கு யூகம் தேவையில்ல, கடிதமே இருக்கு. அந்த போஸ்டர் மாதிரிய பாத்துட்டு லோத்ரெக்குக்கு எழுதினாங்க, இந்த குளிர்காலத்துக்கான என் போஸ்டர் ஏற்கனவே ஆர்டர் குடுத்து கிட்டத்தட்ட முடிஞ்சு போச்சு, உங்களோடது இன்னொரு சமயம் பாக்கலாம், ஆனா உங்களுக்கு புண்ணியமா போகும், என்ன இவ்வளவு கோரமா வரையாதீங்க, கொஞ்சமாவது கம்மி பண்ணுங்க, வீட்டுக்கு வந்தவங்க பல பேரு கலர் மாதிரிய பாத்துட்டு கூச்சல் போட்டாங்க, எல்லாருமே அதுல இருக்கற கலைய மட்டும் பாக்க மாட்டாங்க இல்லையா, அப்படின்னு. கடைசில ஆயிரம் நன்றி வேற. அந்த வருஷம் சுவர்ல ஏறினது ஸ்டைன்லென்ங்கற இன்னொரு ஓவியர் போட்ட போஸ்டர், அதுல இவங்க பாக்க நல்லாவே இருக்காங்க. லோத்ரெக்கோட மாதிரி கடைசி வரைக்கும் போஸ்டரா அச்சாகல.

இந்த கடிதத்த படிக்கறவங்க கோரம்ங்கற இடத்துலயே நின்னுடறாங்க. எனக்கு கண்ணுல படறது அதுக்கு அடுத்த வரி. ஜாடை இல்ல, இது நான் இல்லன்னு அவங்க எங்கயும் சொல்லல. எல்லாரும் கலைய மட்டும் பாக்க மாட்டாங்கன்னுதான் சொல்றாங்க, அதாவது எனக்கு புரியுது, டிக்கெட் வாங்கறவனுக்கு புரியாதுன்னு. இது தொழில் தெரிஞ்ச ஆளோட பேச்சு. அதே 1894ல வந்த அந்த ஆல்பத்துக்கு மொத்தம் 100 பிரதிதான், விலை 50 பிராங்க். அந்த பிரதிகள்ல பச்சை பென்சில்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தது இவெத் கில்பெரேதான். அந்த 16 படத்துல சிலது போஸ்டர் மாதிரிய விட மோசமா இருக்கும், இருந்தும் போட்டாங்க. சுவர்ல ஆயிரக்கணக்குல ஏறினா பொழப்பு கெடும், காசுள்ள கலெக்டர் நூறு பேரு கைல இருந்தா பேரு ஏறும்னு கணக்கு போட்டாங்கன்னு நான் நெனைக்கிறேன், ஆனா இது என் ஊகம். கடிதமும் கையெழுத்தும் உறுதி, நடுவுல இருக்கற காரணத்த நான்தான் நிரப்பறேன். அடுத்த வருஷம் அவரு ஒரு பீங்கான் ஓட்டுல அவங்க மூஞ்சிய போட்டப்ப, அதுலயே குட்டிப் பிசாசே, எவ்வளவு கோரமா பண்ணி வச்சிருக்கியேன்னு அவங்க எழுதி கையெழுத்தும் போட்டிருக்காங்க. திட்டறாங்களா கொஞ்சறாங்களான்னு பிரிக்க முடியாத திட்டு.

நம்ம ஊர்ல இப்ப கல்யாண ரிசப்ஷன்ல லைவ் கேரிகேச்சர்னு ஆள உக்கார வைக்கறாங்க இல்லையா, அந்த வேலை நானும் பண்ணியிருக்கேன். மாமா வந்து உக்காருவாரு, என்ன எப்படி வேணா போடுப்பான்னு தாராளமா சொல்லுவாரு, முடிச்சு கைல குடுத்தா அவரு சிரிப்பாரு, பக்கத்துல நிக்கற அத்தை மட்டும், தம்பி அந்த தொப்பைய கொஞ்சம் கம்மி பண்ணலாமேன்னு ஆரம்பிப்பாங்க. படத்துல இருக்கறவர விட பக்கத்துல நிக்கறவங்களுக்குத்தான் எப்பவும் அதிகமா வலிக்கும். கில்பெர் கடிதத்துலயும் கூச்சல் போட்டது வீட்டுக்கு வந்தவங்கதான், பாருங்க.

இனி அந்த பழி தீக்கற கதை. உடம்பு விஷயத்துல உறுதியானது இவ்வளவு: அப்பா அம்மா ரெண்டு பேரும் நேர் கசின்ஸ், 13, 14 வயசுல அடுத்தடுத்து ரெண்டு தொடை எலும்பும் ஒடஞ்சுது, அதுக்கப்புறம் கால் வளரல, உடம்பு பெரிய ஆளோடது, கால் சின்னப் பையனோடது, மொத்த உயரம் 152 சென்டிமீட்டர் போல. 1901ல சாகறப்ப வயசு 36. இதுல இருந்து நேரா தாவி, அதனாலதான் அழகான பொண்ணுங்கள அசிங்கமா வரைஞ்சாருன்னு சொல்றது வீடியோக்கு நல்ல தம்ப்நெயில், படங்களோட பொருந்தல. ஒருத்தர் மனசுக்குள்ள புகுந்து பாக்க முடியாது, படங்கள வரிசையா வச்சு பாக்க முடியும். அரிஸ்தீத் ப்ரூவான்னு ஒரு பாடகர், அவர 1892ல போட்ட போஸ்டர பாருங்க, கருப்பு கேப், சிவப்பு மஃப்ளர், அகலத் தொப்பி, ராஜா மாதிரி நிக்கறாரு. மேடை முதலாளிக்கு அந்த போஸ்டரே பிடிக்கல, ப்ரூவான்தான் இது இல்லாட்டி நான் பாட மாட்டேன்னு அடம் பிடிச்சு ஒட்ட வச்சாரு. ழான் அவ்ரில் விஷயம் இன்னும் தெளிவு, 1893 போஸ்டர்ல அவங்க ஒத்தைக் கால தூக்கி ஆடறாங்க, மூஞ்சில ஒரு களைப்பு, ஒரு தனிமை, கேலின்னு சொல்ல ஒண்ணுமில்ல, எனக்கு கிடைச்ச புகழே என்ன வச்சு அவரு போட்ட முதல் போஸ்டர்ல இருந்துதான்னு அவங்க பிற்காலத்துல சொல்லியிருக்காங்க. அவங்களும் பொண்ணுதானே. எல்லாத்துக்கும் மேல, லோத்ரெக் ரொம்ப இரக்கமில்லாம வரைஞ்சது தன்னத்தான், குட்டைக் காலு, தொங்கற உதடு, மூக்குக் கண்ணாடி, வட்டத் தொப்பின்னு ஓரத்துல எல்லாம் தன்ன கிறுக்கி வச்சிருப்பாரு. ஆளுக்கு ஆள் மாறற ஒண்ண வெறுப்புன்னு ஒரே பெட்டில போட்டு மூட முடியாது.

அதுக்காக அவருக்கு முழுசா வக்காலத்து வாங்கவும் மாட்டேன். கில்பெருக்கு அப்ப வயசு 29. ஆல்பத்துல சில பக்கத்துல அம்பத்தஞ்சு தெரியுது, கன்னம் உள்ள போயி, வாய் கோணி, தோலு தொங்கி. வெளிச்சம் அவ்வளவு செய்யாது, அது கைதான் செஞ்சது. பாட்டுல வர்ற கிழவியையோ குடிகாரியையோ அவங்க நடிச்ச கணத்த பிடிச்சிருக்காருன்னு சிலர் விளக்கம் சொல்லுவாங்க, ஒண்ணு ரெண்டு படத்துக்கு அது சரியா இருக்கலாம், எல்லாத்துக்கும் பொருந்தாது. ஒரு கோடு நல்லா விழுந்துடுச்சுன்னா அந்த ருசில இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாக்கற சபலம் கேரிகேச்சர் போடற எல்லாருக்கும் உண்டு, எனக்கு அங்க அதுதான் தெரியுது. 1898ல லண்டன்ல வெளியிட அவரு மறுபடி அவங்கள வச்சு ஒரு தொகுப்பு போட்டாரு, எட்டு படம், என் கண்ணுக்கு அதுல கை கொஞ்சம் இறங்கியிருக்கு, மூஞ்சில வயசு கம்மி, அமைதி ஜாஸ்தி. ஆனா முதல் ஆல்பத்தோட உசுரு அதுல இல்ல. இது என் ரசனை, நீங்க மாறுபடலாம்.

ஆக, கேலியா போர்ட்ரெயிட்டாங்கற கேள்விக்கு என் பதில், மேடைல நிக்கற ஒரு வேஷத்தோட போர்ட்ரெயிட், அத கேரிகேச்சரோட கருவிய வச்சு பண்ணியிருக்காரு. அவருக்கு முந்தின தலைமுறை கேலிச்சித்திரக்காரர் தொமியே காலத்து அரசியல் கேலிப்படம் ராஜாவையும் மந்திரியையும் சிரிப்புக்கு ஆளாக்கி கீழ இறக்கறதுக்காக வரைஞ்சது, ராஜாவ அப்படி போட்டதுக்காக தொமியே ஜெயிலுக்கே போனாரு. லோத்ரெக்குக்கு கில்பெர கீழ இறக்க வேண்டிய தேவை ஒண்ணும் இல்ல, இந்த ஆள் மேடைல எப்படி வேலை செய்யறாங்கங்கறதுதான் அவரு விஷயம்.

நீங்க பழகறதுக்கு என்ன எடுத்துக்கலாம்னா, முதல்ல போட்டோவ பாத்து மூக்க நீட்டற பழக்கத்த விடுங்க, அது ஆப்பே பண்ணித் தருது. யாராவது மேடைல பேசற, பாடற இடத்துக்கு போயி பின்வரிசைல உக்காந்து வரைங்க, மூஞ்சி சரியா தெரியாத தூரம்தான் நல்லது, அந்த தூரத்துல அவங்கள எத வச்சு அடையாளம் கண்டுபிடிக்கறீங்களோ அதுதான் உங்க படம். தோள் ஒரு பக்கம் சாயறது, மைக்க பிடிக்கற விதம், துண்டு, வேட்டிய மடிச்சுக் கட்டற உயரம், எதுவா வேணா இருக்கலாம். வீட்டுக்கு வந்து அந்த ஸ்கெட்ச் மேல டிரேசிங் பேப்பர் வச்சு திரும்ப வரைங்க, காப்பி அடிக்காம, தேவையில்லாதத விட்டுட்டே வரணும். அது மேல இன்னொரு பேப்பர். மூணாவது நாலாவது தாள்ல கோடு தானா துணிஞ்சுடும். அந்த அல்பி படம் டிரேசிங் பேப்பர்ல இருக்கறது இதுக்காகத்தான் இருக்கும்னு எனக்கு தோணுது, அந்த தாடைக் கோட்டுல தயக்கமே இல்ல, முதல் தடவை போட்ட கோடு அப்படி வராது. கடைசி தாள்ல தலைய ஒரு கார்டால மறைச்சுட்டு அந்த ஆள தெரிஞ்ச யார்கிட்டயாவது காட்டுங்க, பேர சொல்லிட்டாங்கன்னா மூஞ்சிய எவ்வளவு வேணா இழுக்க உங்களுக்கு உரிமை வந்தாச்சு, சொல்லலன்னா எவ்வளவு இழுத்தும் பிரயோஜனம் இல்ல.

பாக்க வேண்டியதுன்னா, அல்பி படத்தோட கூட மாஸ்கோ புஷ்கின் மியூசியத்துல இருக்கற 1894 கில்பெர் படத்தையும் நல்ல ரெசல்யூஷன்ல தேடி எடுங்க, அட்டைல போட்டது, ஒரு ஆங்கிலப் பாட்டு பாடறப்ப. அத வச்சுத்தான் லே ரீர்ங்கற நகைச்சுவை வாரப் பத்திரிகைல 1894 டிசம்பர் 22 இதழ்ல அச்சுப் படம் வந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, அட்டைல இருந்து அச்சுக்கு போறப்ப எந்த கோடெல்லாம் காணாம போச்சுன்னு எண்ணிப் பாருங்க, பாத்துட்டு வந்து எழுதுங்க, பேசலாம்.